தற்கொலைக்கு முயன்ற பதின்ம வயதினரின் பெற்றோருக்கான அவசரப் பிரிவு ஆதரவு

தற்கொலைக்கு முயன்ற பதின்ம வயதினரின் பெற்றோருக்கான அவசரப் பிரிவு ஆதரவு என்பது, தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற அல்லது அவ்வாறு எண்ணுவதாகக் கூறிய 13 முதல் 19 வயது வரையிலான ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, உடன் வரும் தாய், தந்தை அல்லது காப்பாளருக்கு வழங்கப்படும் தகவல், ஆறுதல், வழிகாட்டல் ஆகியவற்றைக் குறிக்கும். பிள்ளைக்கு அளிக்கப்படும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே இது கருதப்படுகிறது. மருத்துவமனையில் பிள்ளை இருக்கும் காலம் சில மணி நேரமோ சில நாட்களோ மட்டுமே. அதன் பின்னர் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு பெற்றோரையே சேர்கிறது. அப்பொறுப்பை ஏற்பதற்கு அவர்களை ஆயத்தப்படுத்துவதே இந்த ஆதரவின் முதன்மை நோக்கமாகும்.

இத்துறையில் தமிழ்நாட்டிற்குத் தனி இடம் உண்டு. உலக சுகாதார அமைப்பு ஐந்து நாடுகளில் நடத்திய, அவசரப் பிரிவை அடிப்படையாகக் கொண்ட தற்கொலைத் தடுப்பு ஆய்வின் களங்களுள் சென்னையும் ஒன்றாகும்.

பின்னணி

உலக சுகாதார அமைப்பின் கணக்கின்படி ஆண்டுதோறும் உலகெங்கும் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கின்றனர். 15 முதல் 29 வயது வரையிலானோரின் இறப்பிற்கான முதன்மைக் காரணங்களுள் தற்கொலையும் ஒன்று. இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 ஆம் ஆண்டு அறிக்கை 1,70,924 தற்கொலை இறப்புகளைப் பதிவு செய்துள்ளது. இவர்களுள் 13,044 பேர் மாணவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 19,834 இறப்புகள் பதிவாயின. மாநிலங்களின் வரிசையில் இது மகாராட்டிரத்திற்கு அடுத்த நிலையாகும்.

இறப்புகளைக் காட்டிலும் முயற்சிகளின் எண்ணிக்கை பல மடங்கு அதிகம். முயன்றவர்களுள் பெரும்பாலோர் உயிர் பிழைக்கின்றனர். பிழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் அறியப்பட்ட உண்மையாகும். எனினும், முன்பு ஒருமுறை முயன்றிருப்பது பிற்கால ஆபத்தைக் காட்டும் வலுவான அறிகுறிகளுள் ஒன்று. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் ஆபத்து கூடுதலாக உள்ளது. இதனால், பிள்ளை உயிர் பிழைத்ததும் சிகிச்சை முடிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

பல குடும்பங்களில் மனநலத் துறையினரை முதன்முதலில் சந்திக்கும் இடம் அவசரப் பிரிவே ஆகும். அங்கு என்ன சொல்லப்படுகிறது, எவ்வாறு சொல்லப்படுகிறது என்பது, அக்குடும்பம் மீண்டும் மருத்துவரிடம் வருமா என்பதைப் பெருமளவில் தீர்மானிக்கிறது.

பெற்றோரின் நிலை

அவசரப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் பெற்றோரிடம் பலவகை உணர்வுகள் ஒரே நேரத்தில் காணப்படும். அவற்றுள் குறிப்பிடத்தக்கவை:

- பிள்ளை பிழைக்குமா என்ற அச்சம்
- தம் வளர்ப்பில் பிழை நேர்ந்துவிட்டதோ என்ற குற்றவுணர்வு
- பிள்ளை மீதும், வாழ்க்கைத் துணை மீதும், பள்ளி மீதும் எழும் சினம்
- உறவினரும் ஊராரும் என்ன பேசுவார்களோ என்ற வெட்கம்
- காவல்துறை வழக்கு, படிப்பு நிறுத்தம், பிற்காலத் திருமணம் ஆகியவை பற்றிய கவலை

இவ்வுணர்வுகள் இயல்பானவை. ஆனால் இவற்றின் விளைவாகச் சில பெற்றோர் நிகழ்ந்ததை மறைக்கின்றனர். "தவறுதலாகக் குடித்துவிட்டாள்", "வயிற்றுவலிக்கு மாத்திரை அதிகமாகப் போட்டுவிட்டான்" எனக் கூறும் நிலை ஏற்படுகிறது. இதனால் இரு தீங்குகள் விளைகின்றன. முதலாவதாக, உட்கொண்ட பொருளும் நேரமும் தெரியாமல் உடற்சிகிச்சை தாமதமாகிறது. இரண்டாவதாக, நிகழ்வு விபத்து எனப் பதிவாவதால் மனநல மருத்துவரின் மதிப்பீடு இன்றியே பிள்ளை வீடு திரும்புகிறது.

பெற்றோரின் சினமும் இவ்வாறே திசை மாறுகிறது. படுக்கையருகே நின்று "எங்களுக்கு ஏன் இந்தத் தலைகுனிவைத் தந்தாய்?" எனக் கேட்கும் தாயின் சொல்லில் அச்சமே மேலோங்கி இருக்கும். பிள்ளையின் காதில் அது வெறுப்பாகவே விழும். எனவே, பெற்றோரின் அச்சத்தை மருத்துவப் பணியாளர் முதலில் கேட்டறிவது பிள்ளைக்கும் நன்மை தருகிறது.

மருத்துவமனையில் நிகழ்வன

அடுத்து என்ன நடக்கும் என்பதை அறியாதிருப்பது பெற்றோரின் பதற்றத்தைக் கூட்டுகிறது. பொதுவான நடைமுறை பின்வருமாறு அமையும்.

உடற்சிகிச்சை

உயிர் காக்கும் சிகிச்சைக்கே முதலிடம் அளிக்கப்படும். உட்கொண்ட பொருளின் பெயர், தோராயமான அளவு, நேரம் ஆகியவற்றைப் பெற்றோர் உள்ளபடி கூறுவதும், பொருளின் உறையையோ புட்டியையோ உடன் கொண்டுவருவதும் சிகிச்சைக்கு உதவும். உப்புநீர், சோப்புநீர் முதலியவற்றைக் கொடுத்து வீட்டிலேயே வாந்தி எடுக்கச் செய்வது ஆபத்தானது. வெளித்தோற்றத்தில் நலமாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சில பொருட்களின் பாதிப்பு காலம் கடந்தே வெளிப்படும். அதனால், பிள்ளை தெளிவாகப் பேசத் தொடங்கிய பின்னரும் மருத்துவர்கள் கண்காணிப்பில் வைத்திருப்பது வழக்கம்.

பதிவு

அரசு மருத்துவமனைகளில் இந்நிகழ்வு விபத்துப் பதிவேட்டில் குறிக்கப்படும். மக்கள் வழக்கில் இதன் படி "ஏ. ஆர். காப்பி" எனப்படுகிறது. காவல் நிலையத்திற்கும் தகவல் அனுப்பப்படும். இத்தகவல் மருத்துவமனையின் கடமை சார்ந்த நடைமுறையாகும். பிள்ளை குற்றம் புரிந்ததாக இதற்குப் பொருள் இல்லை. காவல்துறையினர் வரும் வரை சிகிச்சையைத் தள்ளிவைக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. 1989 ஆம் ஆண்டு பரமானந்த கட்டாரா வழக்கில், சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உயிர் காக்கும் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் மருத்துவர் அனைவரின் கடமை என இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மனநல மதிப்பீடு

உடல்நிலை சீரானதும் மனநல மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற பணியாளர் பிள்ளையிடம் பேசுவார். இவ்வுரையாடலின் ஒரு பகுதி பெற்றோர் இல்லாமல் தனிமையில் நிகழும். பெற்றோர் பலர் இதனைத் தம்மீதான ஐயமாகக் கருதி வருந்துகின்றனர். பெற்றோர் மனம் புண்படும் என்று அஞ்சியே பிள்ளைகள் பல செய்திகளை அவர்கள் முன்னிலையில் சொல்லாமல் விடுகின்றனர். தேர்வுத் தோல்வி, காதல் முறிவு, பள்ளியில் கேலி, போதைப்பொருள் பழக்கம், பாலியல் துன்புறுத்தல் போன்றவை இத்தகைய தனிப்பேச்சிலேயே வெளிவருகின்றன. உயிருக்கு ஆபத்தான செய்தி எதுவும் பெற்றோரிடமிருந்து மறைக்கப்படாது என்பதை மருத்துவர் இருவருக்கும் முன்கூட்டியே தெளிவுபடுத்துவது வழக்கம். பாலியல் வன்முறை தெரியவந்தால், 2012 ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி (போக்சோ) அதனை உரியவர்களுக்குத் தெரிவிப்பது கட்டாயமாகும்.

பெற்றோருடன் தனி உரையாடல்

பிள்ளையின் அண்மைக்கால மாற்றங்கள், உறக்கம், உணவு, நண்பர்கள், குடும்பத்தில் முன்பு நிகழ்ந்த தற்கொலைகள், வீட்டில் உள்ள ஆபத்தான பொருட்கள் ஆகியவை பற்றிப் பெற்றோரிடம் தனியாகக் கேட்கப்படும். பெற்றோருக்கு ஆதரவு அளிப்பதற்கு ஏற்ற தருணமும் இதுவே.

ஆதரவின் கூறுகள்

பெற்றோருக்கு அளிக்கப்படும் ஆதரவு நீண்ட உளவளத்துணையாக இருக்க வேண்டியதில்லை. நெரிசல் மிகுந்த அவசரப் பிரிவிலும் அரை மணி நேரத்தில் பின்வருவனவற்றைச் செய்ய இயலும்.

- அமர இடமும் குடிக்க நீரும் அளித்து, பிள்ளையின் உடல்நிலையைக் குறிப்பிட்ட இடைவெளியில் தெரிவித்தல்.
- தற்கொலை எண்ணத்திற்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை என விளக்குதல். மனச்சோர்வு, இழப்பு, அவமானம், திடீர் உணர்ச்சிவேகம் எனப் பல கூறுகள் ஒன்றுசேர்ந்தே இந்நிலையை உருவாக்குகின்றன. ஒரு மதிப்பெண் பட்டியலோ ஒரு கடுஞ்சொல்லோ மட்டும் இதற்குக் காரணம் ஆகாது.
- தாய், தந்தை ஆகிய இருவருள் ஒருவர் மற்றவரைக் குற்றஞ்சாட்டும் பேச்சைத் தணித்தல்.
- பிள்ளையிடம் முதலில் என்ன பேசலாம் என எடுத்துக்கூறுதல்.
- சட்டம் பற்றிய அச்சத்தைப் போக்குதல்.
- அடுத்த சந்திப்பின் நாளையும் இடத்தையும் எழுதித் தருதல்.

பிள்ளையிடம் பெற்றோர் பேசும் முதற்சொற்கள் எளிமையாக இருப்பதே நன்று. "நீ பிழைத்து வந்ததே எங்களுக்குப் போதும்", "உனக்கு இவ்வளவு வலி இருந்தது எங்களுக்குத் தெரியவில்லை, இனி சொல்" என்பன போன்ற சொற்கள் பிள்ளையின் தனிமையைக் குறைக்கின்றன. காரணம் கேட்டு வற்புறுத்துவது, பிற பிள்ளைகளுடன் ஒப்பிடுவது, இனி இவ்வாறு செய்யமாட்டேன் எனச் சத்தியம் வாங்குவது ஆகியவை தவிர்க்கத்தக்கவை. சத்தியம் செய்த பிள்ளை, மீண்டும் அத்தகைய எண்ணம் எழும்போது அதனைச் சொல்ல அஞ்சும்.

சட்ட நிலை

இந்திய தண்டனைச் சட்டத்தின் 309 ஆவது பிரிவு, தற்கொலை முயற்சியை ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கத்தக்க குற்றமாகக் கொண்டிருந்தது. 1994 ஆம் ஆண்டு பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லாது எனக் கூறியது. 1996 ஆம் ஆண்டு கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, பிரிவு செல்லும் என்றது.

2017 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018 இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. இதன் 115 ஆவது பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர், வேறு வகையில் நிறுவப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார். அவர்மீது விசாரணையோ தண்டனையோ கூடாது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமையாகும். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவில் 309 ஆவது பிரிவுக்கு இணையான பொதுவான பிரிவு இல்லை. பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே அதில் குற்றமாக உள்ளது.

அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறையாதவரை மனநல நிலையத்தில் சேர்ப்பதற்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் விண்ணப்பமும் வல்லுநர் இருவரின் தனித்தனி மதிப்பீடும் தேவை. சிறுவரைப் பெரியவர்களின் பிரிவில் தங்கவைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்களால் நியமிக்கப்பட்டவரோ உடன் தங்குவது பிள்ளையின் உரிமையாகும்.

தமிழர் வாழும் பிற நாடுகளிலும் சட்டம் மாறியுள்ளது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற நிலை இலங்கையில் 1998 இலும், சிங்கப்பூரில் 2020 இலும், மலேசியாவில் 2023 இலும் நீக்கப்பட்டது.

சட்டம் மாறிய செய்தி எல்லா வீடுகளையும் சென்றடையவில்லை. "போலீசுக்குப் போய்விடும்" என்ற அச்சத்தால் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தயங்கும் ஒவ்வொரு மணித்துளியும் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியது.

சென்னை ஆய்வு

உலக சுகாதார அமைப்பு 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், தற்கொலை முயற்சிக்குப் பின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடையே ஓர் எளிய முறையைச் சோதித்தது. பிரேசிலின் கம்பினாசு, இந்தியாவின் சென்னை, இலங்கையின் கொழும்பு, ஈரானின் கராச், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் மொத்தம் 1,867 பேர் இதில் பங்கேற்றனர். சென்னையில் இவ்வாய்வை மனநல மருத்துவர் இலட்சுமி விசயகுமார் வழிநடத்தினார். இவர் 1986 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் நிறுவனர் ஆவார்.

பங்கேற்றோர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு வழமையான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றொரு குழுவினருக்கு, அதனுடன் வீடு திரும்பும் வேளையில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தனி உரையாடலும், அதன் பின் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி வழியாகவோ நேரிலோ தொடர்பும் வழங்கப்பட்டன. நலம் விசாரிப்பதும், தேவைப்பட்டால் உதவி பெறும் இடத்தைச் சொல்வதுமே இத்தொடர்பின் உள்ளடக்கம்.

2008 இல் வெளியான முடிவுகளின்படி, 18 மாதங்களின் இறுதியில் வழமையான சிகிச்சை பெற்ற குழுவில் 2.2 விழுக்காட்டினரும், தொடர்பில் இருந்த குழுவில் 0.2 விழுக்காட்டினரும் தற்கொலையால் இறந்திருந்தனர். விலை மிகுந்த மருந்தோ கருவியோ இன்றி, தொடர்ந்து நலம் கேட்பதே இவ்வேறுபாட்டுக்கு வழிவகுத்தது என்பதால் இவ்வாய்வு உலக அளவில் கவனம் பெற்றது.

இவ்வாய்வு எல்லா வயதினரையும் உள்ளடக்கியது. பெற்றோருக்கென்று தனியாக வடிவமைக்கப்பட்டதன்று. ஆயினும் இதிலிருந்து பெற்றோர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பை ஏற்பதும், குறித்த நாளில் மீண்டும் செல்வதும் சிகிச்சையின் இன்றியமையாத பகுதிகளாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

நியூயார்க் நகரில் 1990களில், தற்கொலைக்கு முயன்ற பதின்ம வயதுச் சிறுமியர்க்கும் அவர்தம் தாய்மார்க்கும் அவசரப் பிரிவில் ஒரு தனித் திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. பணியாளருக்குப் பயிற்சி, தொடர் சிகிச்சையின் தேவையை நாடக வடிவில் விளக்கும் காணொளி, குடும்பத்துடன் ஓர் உரையாடல் ஆகிய மூன்றும் இதில் அடங்கின. இத்திட்டத்தில் சேர்ந்த குடும்பங்கள் தொடர் சிகிச்சைக்குக் கூடுதலாக வந்தன.

1999 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வு, ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றுமாறு அவசரப் பிரிவில் எடுத்துக்கூறப்பட்ட பெற்றோர் அவ்வாறே செய்யும் வாய்ப்பு மிகுதி எனக் காட்டியது. 

பிரித்தானியாவின் நைசு நிறுவனம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டல், மதிப்பெண் அட்டவணைகளைக் கொண்டு எதிர்காலத் தற்கொலையை முன்கணிக்க முயல வேண்டாம் என்கிறது. அதற்கு மாற்றாக, ஒவ்வொருவரின் தேவையையும் கேட்டறிந்து பாதுகாப்பை வகுக்கப் பரிந்துரைக்கிறது. "இனி ஆபத்தே இல்லை" என்ற உறுதிமொழியை மருத்துவர் எவரும் தர இயலாமைக்கான காரணமும் இதுவே.

வீடு திரும்புமுன்

பாதுகாப்புத் திட்டம்

அமெரிக்க உளவியலாளர்களான பார்பரா இசுடான்லி, கிரெகரி பிரவுன் ஆகியோர் வகுத்த பாதுகாப்புத் திட்டம் பல நாடுகளில் பயன்படுகிறது. இதனைப் பிள்ளையின் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதுவர். அதன் படிகள் வருமாறு:

1. நெருக்கடி வருவதைக் காட்டும் அறிகுறிகள்
2. தானாகவே செய்துகொள்ளத்தக்க அமைதிப்படுத்தும் செயல்கள்
3. மனத்தை வேறு திசையில் செலுத்த உதவும் ஆட்களும் இடங்களும்
4. உதவி கேட்கத்தக்க குடும்பத்தினரும் நண்பர்களும்
5. மருத்துவர், உதவி எண்கள்
6. சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக வைத்தல்

பெற்றோரின் பெயர் நான்காம் படியில் இடம்பெறாமல் போகலாம். பிள்ளை அத்தையையோ ஆசிரியரையோ அண்ணனையோ குறிப்பிட்டால், அதனை மனத்தாங்கலின்றி ஏற்பதும் பெற்றோரின் ஆதரவே ஆகும்.

வீட்டைப் பாதுகாத்தல்

பதின்ம வயதினரின் முயற்சிகள் பெரும்பாலும் திடீர் உணர்ச்சிவேகத்தில் நிகழ்கின்றன. அவ்வேகம் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடும். அந்நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாதிருப்பது உயிரைக் காக்கும். ஆகவே பிள்ளை வீடு திரும்புமுன், உறவினர் ஒருவரை அனுப்பி, பூச்சிக்கொல்லிகளை வீட்டிலிருந்து அகற்றவும், தாத்தா பாட்டியின் மருந்துகள் உட்பட அனைத்து மாத்திரைகளையும் பூட்டிவைக்கவும் அறிவுறுத்தப்படுகிறது. பிள்ளைக்குரிய மருந்தைப் பெற்றோரே வேளைதோறும் எடுத்துக்கொடுப்பர். முதல் சில வாரங்களில் பிள்ளையைத் தனியே விடாதிருப்பதும் நன்று. இக்கண்காணிப்பு சிறைக்காவல் போலத் தோன்றாமல், உடன் அமர்ந்து உண்பது, ஒரே அறையில் உறங்குவது என இயல்பாக அமைய வேண்டும்.

தென் கடற்கரைப் பகுதியின் சூழல்

தூத்துக்குடி மாவட்டத்தின் திருச்செந்தூர் வட்டத்திலுள்ள குலசேகரன்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இவ்வாதரவு நடைமுறையில் எவ்வாறு அமையக்கூடும் என்பதற்கு அப்பகுதியின் அமைப்பே விளக்கமாகும். முத்தாரம்மன் கோயில் தசராத் திருவிழாவாலும், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இந்திய விண்வெளி ஆய்வு மையத்தின் இரண்டாம் ஏவுதளத்தாலும் இவ்வூர் அறியப்படுகிறது. இங்கிருந்து அவசர நோயாளி ஒருவர் வடக்கே திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்கும், மேல்சிகிச்சை தேவைப்பட்டால் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்படலாம்.

இத்தொலைவு காரணமாக, பெற்றோருக்குரிய ஆதரவு ஒரே இடத்தில் முழுமையாகக் கிடைப்பதில்லை. முதல் மருத்துவமனையில் உயிர் காக்கும் பணி நிகழ்கிறது. மனநல மதிப்பீடு பெரிய மருத்துவமனையில் நிகழ்கிறது. வீடு திரும்பிய பின் தொடர் சிகிச்சை மீண்டும் ஊருக்கு அருகில் தேவைப்படுகிறது. இம்மூன்றையும் இணைக்கும் தாள்கள் பெற்றோரின் கையில்தான் உள்ளன. எனவே, விடுவிப்புச் சுருக்கம், மருந்துச் சீட்டு, பாதுகாப்புத் திட்டம் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து ஒவ்வொரு முறையும் உடன் எடுத்துச் செல்வது பயன் தரும்.

தந்தை கடலுக்குச் சென்றிருக்கும் வேளையிலோ, வெளிநாட்டில் பணிபுரியும் வேளையிலோ தாயோ பாட்டியோ தனியாக மருத்துவமனைக்கு வர நேரிடுகிறது. உப்பளத்தில் நாட்கூலிக்குச் செல்லும் பெற்றோருக்கு ஒவ்வொரு மருத்துவமனைப் பயணமும் ஒருநாள் கூலி இழப்பாகும். "மறுபடி வாருங்கள்" என்ற ஒற்றைச் சொல் இத்தகைய குடும்பங்களுக்குப் போதாது. எந்த நாளில், எந்த அறையில், யாரைக் காண வேண்டும் என்பது எழுதித் தரப்பட்டால் அலைச்சல் குறையும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் குறிப்பிட்ட நாட்களில் மனநலப் புறநோயாளிப் பிரிவு நடத்தப்படுவதால், அந்நாளை அறிந்துகொள்வது தொலைதூரப் பயணத்தைத் தவிர்க்க உதவும்.

சிற்றூர்களில் செய்தி விரைந்து பரவும். உறவினர் திரளாக மருத்துவமனைக்கு வந்து காரணம் கேட்பது அன்பின் வெளிப்பாடே எனினும், அது பிள்ளைக்கு அவமானத்தைத் தரும். "உடல்நலமில்லை, இப்போது தேறி வருகிறாள்" என்று மட்டும் ஒருவர் முன்வந்து பதில் சொல்லி, மற்றவர் கேள்விகளைத் தாய் தந்தையிடம் செல்லாமல் தடுப்பது சிறந்த உதவியாகும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றில் செய்யப்படும் வேண்டுதல் குடும்பத்திற்கு ஆறுதல் தரலாம். மருத்துவச் சந்திப்பு அதனால் தள்ளிப்போகாதிருப்பது முக்கியம்.

வீடு திரும்பிய பின்

பள்ளிக்குத் திரும்புவது பிள்ளைக்குக் கடினமான கட்டமாகும். தலைமையாசிரியர் அல்லது நம்பிக்கைக்குரிய ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் தேவையான அளவு தெரிவித்து, வகுப்பில் இது பேசுபொருளாகாமல் பார்த்துக்கொள்வது நன்று. தேர்வுத் தோல்வி காரணங்களுள் ஒன்றாக இருப்பின், தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுத இயலும் என்பதை நினைவூட்டலாம்.

உடன்பிறந்தோர் பெரும்பாலும் மறக்கப்படுகின்றனர். நிகழ்வை நேரில் கண்ட தம்பி, தங்கைக்கும் அவர்தம் வயதுக்கேற்ற விளக்கமும் அரவணைப்பும் தேவை. பெற்றோருக்கும் உறக்கமின்மை, திடுக்கிடல், ஓயாத கவலை ஆகியவை பல மாதங்கள் நீடிக்கலாம். அந்நிலையில் அவர்களும் மனநல மருத்துவரை நாடுவது தகும்.

தவறான கருத்துகள்

"தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும்" என்பது பரவலான கருத்து. 2005 இல் வெளியான ஆய்வொன்றில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த 2,300க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் இது சோதிக்கப்பட்டது. தற்கொலை பற்றிக் கேட்கப்பட்ட மாணவர்களிடம் அத்தகைய எண்ணமோ மனத்துயரோ கூடவில்லை. அமைதியாக, நேரடியாகக் கேட்பது பாதுகாப்பானதே.

"சும்மா பயமுறுத்துவதற்காகச் செய்தது" என்பதும் பிழையான முடிவாகும். உடற்பாதிப்பு குறைவாக இருப்பதைக் கொண்டு பிள்ளையின் மனவலியை அளவிட இயலாது. மருத்துவப் பணியாளர் இவ்வாறு கூறினால் அக்குடும்பம் மீண்டும் உதவி நாடாமல் போகக்கூடும்.

குறைபாடுகள்

பல மருத்துவமனைகளில் அவசரப் பிரிவில் பெற்றோருடன் தனியே பேசுவதற்கு அறை இல்லை. இரவு வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் மனநல மருத்துவர் இருப்பது அரிது. பணிச்சுமை மிகுந்த செவிலியர்க்கு இதற்கான பயிற்சி போதிய அளவில் இல்லை. 2022 நவம்பரில் வெளியிடப்பட்ட இந்தியாவின் தேசிய தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030 ஆம் ஆண்டிற்குள் தற்கொலை இறப்புகளைப் பத்து விழுக்காடு குறைப்பதை இலக்காகக் கொண்டுள்ளது. இவ்விலக்கை எட்டுவதற்கு அவசரப் பிரிவுக்கு வரும் குடும்பங்களைப் பின்தொடர்ந்து தொடர்பு கொள்வது செலவு குறைந்த வழிகளுள் ஒன்றாகும்.

உதவி எண்கள்

- 108: அவசர ஊர்தி (தமிழ்நாடு)
- 14416: டெலி மானசு, இந்திய அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. தமிழிலும் பேசலாம்.
- 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண்
- 1098: குழந்தைகள் உதவி எண் (இந்தியா)
- 044 24640050: சினேகா, சென்னை
- 1926: தேசிய மனநல உதவி எண் (இலங்கை)
- 1767: சிங்கப்பூர்
- 988: கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள்

பிள்ளை மட்டுமன்றி, பிள்ளையைப் பற்றி அஞ்சும் பெற்றோரும் இவ்வெண்களை அழைக்கலாம்.